கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

1900-இல் பாரிஸ் நகரில் பெரிய உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு சின்ன டீசல் எஞ்சின் கடலை எண்ணெயைக் குடித்துவிட்டு ஓடியது. பூமிக்கடியில் கிடைக்கும் எண்ணெய்க்காகச் செய்த எஞ்சின் அது. அதில் எந்த மாற்றமும் செய்யவில்லை. பார்த்தவர்களில் வெகு சிலருக்குத்தான் விஷயம் தெரிந்ததாம்! பின்னாளில் இதைச் சொன்னவர், எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலேதான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? அதேபோல சிலிண்டருக்குள் காற்றை நன்றாக அழுத்தினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடாகிவிடும். அதில் எரிபொருளைப் புகைபோலத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும்.

அப்படியானால் சமையலறை எண்ணெயை டிராக்டரில் ஊற்றிவிடலாமா? கூடாது. அது டீசலைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியாக ஓடும். எரிபொருளைத் தூவும் இன்ஜெக்டரின் நுண்துளை வழியே அது பொடியாகத் தெறிக்காது. சொட்டாக விழுந்து, அரைகுறையாக எரிந்து, கரியாகப் படியும். நாளடைவில் எஞ்சின் மக்கர் பண்ணும்.

ஏன் அவ்வளவு கெட்டி? எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசரால் பகுதி இருக்கிறது. அதில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. இந்தப் பெரிய உருவத்தை உடைக்க வேண்டும். எண்ணெயோடு மெத்தனாலையும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் சூடாக்கினால் மூன்று சங்கிலிகளும் தனித்தனியே பிரிந்து மெத்தனாலோடு சேர்ந்துகொள்ளும். அதுதான் பயோடீசல். கிளிசரால் அடியில் தங்கிவிடும். அது சோப்புக்கு ஆகும். (மெத்தனால் கொடிய விஷம். வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது!) பெல்ஜியத்தில் ஷவான் என்பவர் இதேபோன்ற முறைக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே பாமாயிலில் செய்த எரிபொருளில் அங்கே ஒரு பேருந்து ஓடியது.

நம் நாட்டில் புங்க விதை, காட்டாமணக்கு விதை, பொரித்து மிஞ்சிய எண்ணெய் ஆகியவற்றிலிருந்தும் இதைச் செய்கிறார்கள். 2002 டிசம்பர் 31 அன்று, 5 சதவீதம் பயோடீசல் கலந்த டீசலில் டெல்லியிலிருந்து அமிர்தசரஸுக்கு சதாப்தி ரயிலை ஓட்டிப் பார்த்தார்கள்.

ஏன் முழுக்க ஊற்றாமல் கலக்கிறார்கள்? பயோடீசலில் ஆக்சிஜன் இருப்பதால் புகைக்கரி குறையும். ஆனால் அதே எடை டீசலைவிடக் கொஞ்சம் குறைவான ஆற்றலே கிடைக்கும். குளிரில் சீக்கிரம் உறையும். பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும். இன்னொரு வேடிக்கை, அது நல்ல அழுக்கு நீக்கி. பழைய வண்டியின் டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரில் அடைத்துவிடும். அதனால் புதிதாகப் பயோடீசலுக்கு மாறுகிறவர்கள் முதலில் கையில் ஒரு மாற்று ஃபில்டர் வைத்துக்கொள்வது நல்லது.