திருவெள்ளறை: ஓர் ஊரின் நிலமும் நீரும்

நுழையும்முன்

பேரரசுகளின் வரலாற்றைப் போர்களையும் தலைநகரங்களையும் கொண்டு எழுதுவது வழக்கம். சிற்றூரின் வரலாற்றை அவ்வாறு எழுத இயலாது. அவ்வூரின் மண், பாறை, நீர்நிலை, கோயில், கல்வெட்டு, மக்கள் வழங்கும் கதைகள் ஆகியவற்றை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் உள்ள திருவெள்ளறை என்னும் ஊரை இவ்வகையில் அறிய முற்படுகிறது இப்பாடம்.

வழியும் ஊரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் திருவெள்ளறை உள்ளது. நகரிலிருந்து புறப்படுவோர் முதலில் காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவை அடைவர். பின்னர்க் கொள்ளிடத்தைக் கடப்பர். வடகரையில், ‘நம்பர் ஒன் டோல்கேட்’ என்று மக்கள் இன்றும் வழங்கும் சந்திப்பிலிருந்து சாலை மண்ணச்சநல்லூருக்குச் செல்கிறது. வயல்களும் அரிசி ஆலைகளும் நிறைந்த ஊர் அது. அதனைக் கடந்து மேலும் வடக்கே செல்லச் செல்ல நிலத்தின் தன்மை மாறத் தொடங்கும். வண்டல் குறையும், செம்மண்ணும் கல்லாங்குத்து நிலமும் தலைகாட்டும். தொலைவில், துறையூருக்கு அப்பால், பச்சைமலைத் தொடர் நீலக்கோடாகத் தெரியும். ஆற்றுப்படுகைக்கும் மேட்டு நிலத்துக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில்தான் அந்த வெண்பாறையும் அதன்மேல் அமைந்த மதில் சூழ்ந்த கோயிலும் எழுந்து நிற்கின்றன.

ஊரின் பெயரே அதன் நிலவியலைச் சொல்லிவிடுகிறது. ‘அறை’ என்னும் சொல்லை இன்று வீட்டின் பகுதியைக் குறிக்கவே பயன்படுத்துகிறோம். பழந்தமிழில் அச்சொல்லுக்குப் பாறை என்னும் பொருளும் உண்டு. வெண்மையான அறை வெள்ளறை. ‘திரு’ என்னும் அடைமொழி சேரத் திருவெள்ளறை ஆயிற்று. வடமொழியில் ‘சுவேதகிரி’ என வழங்குவதும் இப்பொருளையே தருகிறது. வெளிர்நிறக் கனிமங்கள் மிகுந்த பாறை ஆதலின் நண்பகல் வெயிலில் அது வெண்மையாகத் தோன்றுகிறது. சுற்றியிருந்த மென்மையான பகுதிகள் பல்லாயிரம் நூற்றாண்டுகளாக மழையாலும் வெயிலாலும் அரிக்கப்பட்டுப் போக, கடினமான பகுதி மட்டும் குன்றாக எஞ்சியது. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையும் இவ்வாறு எஞ்சிய குன்றேயாகும். ஆயின் அது 83 மீட்டர் உயரம் கொண்டது. வெள்ளறைப் பாறையோ அதன் முன்னே ஒரு மேடை போன்றதே.

ஆறு அருகில், நீர் தொலைவில்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரோடும் வடகிளை கொள்ளிடம் என்னும் பெயரோடும் திருவரங்கத் தீவை அணைத்து ஓடுகின்றன. 1836 முதல் 1838 வரையிலான காலத்தில் ஆர்தர் காட்டன் அங்கு மேலணையைக் கட்டினார். வடகரை நிலங்களுக்குப் பெருவளை வாய்க்கால், அய்யன் வாய்க்கால், புள்ளம்பாடி வாய்க்கால் ஆகியன நீர் கொண்டு செல்கின்றன. இத்தனை நீர்வழிகள் இருக்கும்போது திருவெள்ளறை மக்கள் ஏன் மாபெரும் கிணறு ஒன்றை வெட்ட வேண்டியிருந்தது என்னும் வினா எழுவது இயல்பே.

விடை நிலத்தின் சரிவில் உள்ளது. ஆறும் வாய்க்காலும் பள்ளம் நோக்கியே பாயும். அவற்றைவிட உயர்ந்த நிலத்துக்கு அவை தாமாக ஏறிவாரா. எனவே வாய்க்காலுக்கு மேலே அமைந்த ஊர்கள் மழையையும் ஏரியையும் கிணற்றையுமே நம்பியிருந்தன. அந்த மழையும் ஆண்டு முழுவதும் சீராகப் பெய்வதன்று. பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு அந்நீரைச் சேமித்தாக வேண்டும்.

இங்கே மற்றொரு சிக்கலும் உண்டு. ஆற்று மணலில் சில அடி தோண்டினாலே நீர் சுரக்கும். கடும்பாறை நிலத்தில் அவ்வாறு சுரப்பதில்லை. பாறையின் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். அதுவும் மெல்லவே கசியும். குறுகிய கிணற்றில் ஒரு நாழிகை இறைத்தால் நீர் வற்றிவிடும். அகன்ற கிணறாயின் இரவெல்லாம் ஊறிய நீர் தேங்கிநிற்கும். மறுநாள் ஊரே முகந்துகொள்ளலாம். ஊற்றாகவும் தொட்டியாகவும் ஒரே வேளையில் பயன்படுவது இத்தகைய கிணறு. திருவெள்ளறைக் கிணறு அகன்றிருப்பதற்குக் காரணம் ஆடம்பரம் அன்று என்பது இதனால் விளங்கும்.

நாலுமூலைக் கேணி

கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் அமைந்துள்ள இக்கிணற்றை மேலிருந்து நோக்கினால் சுவத்திகக் குறியின் வடிவம் புலப்படும். நடுவில் சதுரமான நீர்ப்பகுதி. நான்கு திசைகளிலிருந்தும் நான்கு படிவழிகள். ஒவ்வொரு படிவழியும் நேராகச் சென்று நீரை அடையாமல் ஒரே பக்கமாகச் செங்கோணத்தில் திரும்புகிறது. படிகளைத் தாங்கும் சுவர்கள் கருங்கல்லால் ஆனவை. வாயில்களின் மேல் அமைந்த கற்களில் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன.

படிவழிகள் வளைந்து இறங்குவதால் ஒரு துறையில் நிற்பவரை மற்றொரு துறைக்கு இறங்குபவர் காண இயலாது. இதனை ஊரார் நன்கு கவனித்திருக்கின்றனர். ‘நாலுமூலைக் கேணி’ என்னும் பெயரோடு ‘மாமியார் மருமகள் கிணறு’ என்றும் இதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டு வழங்குவதுண்டு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருவரும் நீராடிச் செல்லலாமாம்! வழக்காறு நகைச்சுவையாகச் சொன்னாலும் கட்டட அமைப்பைப் பிழையின்றியே சொல்லியிருக்கிறது.

படிக்கிணறு என்றவுடன் குசராத்து மாநிலம் பாட்டனில் உள்ள ‘இராணி கி வாவ்’ பலருக்கும் நினைவுக்கு வரும். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கிணற்றை யுனெசுகோ நிறுவனம் 2014இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சிற்பச் செறிவில் அதற்கு வெள்ளறைக் கிணறு ஈடாகாது. காலத்தால் இது ஏறத்தாழ 250 ஆண்டுகள் முந்தியது. அரசியால் அமைக்கப்பட்டதும் அன்று.

கல் கூறும் செய்தி

அமைத்தவர் யார் என்பதைக் கிணற்றில் உள்ள கல்வெட்டே கூறுகிறது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் பணி தொடங்கி, 5ஆம் ஆட்சியாண்டில் நிறைவுற்றது. அம்மன்னன் கி.பி. 796ஐ ஒட்டி ஆட்சிக்கு வந்தவன் எனக் கொண்டால் கிணறு கி.பி. 800ஐ ஒட்டி வெட்டப்பட்டதாகும். வெட்டுவித்தவர் ஆலம்பாக்கத்து விசைய நல்லுழான் என்பவரின் தம்பி கம்பன் அரையன். ஆலம்பாக்கம் இலால்குடிக்கு அப்பால் உள்ள ஊர். அவ்வூரார் ஒருவர் திருவெள்ளறையின் ‘தென்னூர்’ பகுதியில் பொதுமக்களுக்காகக் கிணறு எடுத்தார் என்பது எண்ணத்தக்கது. கிணற்றுக்கு ‘மார்ப்பிடுகு பெருங்கிணறு’ எனப் பெயரிடப்பட்டது. மார்ப்பிடுகு என்பது தந்திவர்மனின் பட்டப்பெயர். ஆலம்பாக்கத்திலும் மார்ப்பிடுகு ஏரி என ஒரு நீர்நிலை இருந்தது.

கல்வெட்டு இத்தகவல்களோடு நின்றுவிடவில்லை. தமிழ்ப் பாடல் ஒன்றும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நிலையில்லாத உலகின்மீது பற்று வைத்து நிற்க வேண்டா. முதுமை வந்து உடலைத் தளரச் செய்வதற்கு முன்னரே, உண்டது போக எஞ்சியதை உலகம் அறிய அறத்துக்கு வையுங்கள் என்பது அதன் கருத்து. நீர் முகக்க இறங்குவோர் கண்ணில் படும் இடத்தில் அப்பாடலைப் பொறித்திருக்கின்றனர். 1200 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் எழுத்துகளும் சொல்வடிவங்களும் எவ்வாறு இருந்தன என்பதை ஆராய்வோர்க்கு இது முதன்மையான சான்று. ஏட்டில் எழுதப்பட்ட பாடல்கள் படியெடுக்கப்படும்தோறும் மாறக்கூடும். கல்லில் பொறித்தது பொறித்தவாறே இருக்கும்.

கிணற்றைக் காப்பவர்கள் யார் என்பதையும் கல்வெட்டு பதிந்துள்ளது. இவ்வூர் மூவாயிரத்தெழுநூற்றுவர் அப்பொறுப்பை ஏற்கின்றனர். அச்சொல் ‘எழுநூற்றுவரோம்’ என முடிகிறது. ‘ஓம்’ என்பது தன்மைப் பன்மை விகுதி. ‘அவர்கள் காப்பார்கள்’ என யாரோ எழுதிவைத்த ஆணையாக அது அமையவில்லை. ‘நாங்கள் காப்போம்’ என ஊரார் தம் வாயால் ஒப்புக்கொண்டதாக அமைந்துள்ளது. இலக்கணம் கற்போர் இவ்விகுதியைத் தேர்வுக்காக மட்டும் நினைவில் கொள்கின்றனர். ஓர் ஊர் ஏற்ற பொறுப்பு முழுவதும் இங்கே அவ்விகுதியின்மேல் நிற்கிறது.

தெரியுமா?
சிபி மன்னன் வடநாட்டிலிருந்து 3700 வைணவர்களை இங்குக் குடியேற்ற அழைத்துவந்தான் என்றும், வழியில் ஒருவர் இறந்துவிடத் திருமாலே அவ்வெண்ணிக்கையை நிறைவு செய்தார் என்றும் தலபுராணம் கூறுகிறது.

புராணமும் வரலாறும்

தலபுராணம் கூறும் 3700 என்னும் எண் கல்வெட்டிலும் இடம்பெறுவது வியப்பளிக்கும். இதைக் கொண்டு சிபியின் கதை வரலாற்றால் மெய்ப்பிக்கப்பட்டது எனக் கூறலாகாது. அவ்வாறே கதையை வெறுங்கற்பனை எனத் தள்ளுவதும் பொருந்தாது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்வூரார் தம்மை மூவாயிரத்தெழுநூற்றுவர் என்று அழைத்துக்கொண்டனர் என்பது மட்டும் உறுதி. அது தலைகளை எண்ணி எழுதிய கணக்காகவும் இருக்கலாம். மரபாக வழங்கிய குழுப்பெயராகவும் இருக்கலாம். திருவரங்கத்தினும் இவ்வூர் மூத்தது என்பதால் ‘ஆதி வெள்ளறை’ என வழங்கும் மரபையும் இந்த அளவோடு கொள்வதே தகும்.

பாறையின்மேல் உள்ள கோயிலில் புண்டரீகாட்சப் பெருமாளும் பங்கயச்செல்வித் தாயாரும் எழுந்தருளியுள்ளனர். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். கண்ணனைக் குழந்தையாகக் கருதி அந்திப்பொழுதில் காப்பிட அழைக்கும் பெரியாழ்வாரின் பதிகம் வெள்ளறைக்கு உரியது. கோயிலின் உள்ளே உத்தராயண வாயில், தட்சிணாயன வாயில் என இரண்டு வாயில்கள் உள்ளன. தை முதல் ஆனி வரை ஒன்றும், ஆடி முதல் மார்கழி வரை மற்றொன்றும் திறந்திருக்கும். கதிரவன் வடக்கும் தெற்கும் நகரும் ஆண்டுப் பயணம் இவ்வாறு மக்கள் நடக்கும் வழியாகவே ஆக்கப்பட்டிருக்கிறது. ‘நாழிகேட்டான் வாயில்’ என்பது வேறொன்று. உலாச் சென்று காலந்தாழ்த்தித் திரும்பிய பெருமாளிடம் தாயார் நேரம் கேட்ட இடம் என்பர். இக்கோயிலில் தாயாருக்கே முதன்மை. திருவுலாவிலும் அவரே முன் செல்வார்.

இவ்வூரில் முற்றுப்பெறாமல் நின்றுபோன பணிகளும் உள்ளன. பல்லவர் காலக் குடைவரை ஒன்று பாதியில் கைவிடப்பட்டுள்ளது. கோயிலின் முன்கோபுரமும் நிறைவுறாமல் மொட்டையாக நிற்கிறது. பல்லவர், பாண்டியர், சோழர் என அரசுகள் மாறி மாறி மோதிய எல்லைப் பகுதி இது. 13ஆம் நூற்றாண்டில் போசளர் அண்மையில் உள்ள கண்ணனூரைத் தலைநகராக்கினர். சமயபுரத்தை அடுத்துள்ள போசளேச்சரம் அவர்தம் நினைவாக நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டின் படையெடுப்புகளின்போது திருவரங்கமும் அதன் சுற்றுப்புறமும் பெருந்துன்பம் உற்றன. பாதியில் நின்ற உளியடையாளங்கள் எந்தக் குழப்பத்தில் நின்றன என்பதை ஒவ்வொன்றாகச் சுட்ட இயலாது. எனினும் முடிந்த பணியைக் காட்டிலும் முடியாத பணியே கற்றச்சர் வேலை செய்த முறையைத் தெளிவாகக் காட்டும். பாறையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்தெடுத்த முறையைக் குடைவரைகளில் இவ்வாறுதான் அறிய முடிகிறது.

அறிஞர் இருவரும் இவ்வூருக்குப் பெருமை சேர்த்தனர். நாதமுனிகளின் மாணவரான உய்யக்கொண்டார் இங்குப் பிறந்தவர். விட்டுணு புராணத்துக்கு உரை கண்ட எங்களாழ்வான் மற்றொருவர்.

இன்று

திருவெள்ளறை இன்று மண்ணச்சநல்லூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி குடிநீர் வழங்கும் பொறுப்பு ஊராட்சிக்கு உரியது. கிணறோ இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மூவாயிரத்தெழுநூற்றுவர் ஒன்றாக ஏற்ற பொறுப்பு இவ்வாறு இரண்டாகப் பிரிந்துவிட்டது: நீர் ஒருவர் கையில், கல் மற்றொருவர் கையில். ஜெர்மனியின் சிற்றூர்கள் பலவற்றில் ஊரின் நிகழ்வுகளைத் தொகுத்து ‘ஊர்க் குறிப்பேடு’ எழுதிவைக்கும் மரபு உண்டு. தமிழகச் சிற்றூர்களுக்குக் கல்வெட்டுகளே அத்தகைய ஏடுகள். அவற்றின்மேல் சுண்ணாம்பும் வண்ணமும் பூசினால் ஓர் ஏடு கிழிந்ததாகவே பொருள்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்புவதை 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடை செய்கிறது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்டுவதற்கு முன் இசைவு பெற வேண்டும். சின்னத்தை ஒட்டி வீடும் நிலமும் உடையவர்க்கு இது எளிய சுமை அன்று; பழைமையைக் காப்பதன் செலவில் ஒரு பங்கை அவர்களே தாங்குகின்றனர். அச்சட்டம் கற்களைக் காக்கிறது. கிணற்றுக்குள் கசிந்துவரும் நீரை அது காப்பதில்லை. கடும்பாறை நிலத்தில் மேலடுக்கு நீர்தான் திறந்த கிணறுகளுக்கு உயிர். பலநூறு அடி ஆழத்தில் பாறை வெடிப்புகளைத் துளைத்து இறங்கும் ஆழ்துளைக் கிணறுகள் அம்மேலடுக்கையும் வறளச் செய்கின்றன. மழைநீரை ஏரிகளில் தேக்கி நிலத்துள் இறங்கவிட்டால் அடுக்கு மீண்டும் நிறையும். அப்போது கம்பன் அரையனின் கிணற்றில் நீர்மட்டம் உயர்ந்து, நான்கு துறைகளிலும் கீழ்ப்படிகள் நீரில் மூழ்கும்.