ஆமையின் ஓடும் நத்தையின் ஓடும்

ஐம்பொறிகளை அடக்கி வாழும் அறிவுடையோனுக்கு ஆமையை உவமை கூறுதல் தமிழ் மரபு. இடையூறு வருங்கால் நான்கு கால்களையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆமை, தன் ஓட்டின் வன்மையை நம்பியே அவ்வாறு செய்கின்றது. அந்த ஓடே வன்மை இழந்து, விரலால் அழுத்தினாற் குழியும் நிலையை அடைந்துவிட்டால் ஆமையின் கதி யாது? வீடுகளிலே கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் நீராமைகள் பலவற்றுக்கு நேரும் கேடு இதுவே. நாள்தோறும் வயிறாரத் தீனி இட்டு அன்போடு வளர்ப்பவர் வீட்டிலும் இக்கேடு நேர்கின்றது என்பதுதான் வருந்தத்தக்கது. இதனைத் தடுப்பதற்குத் துணைசெய்யும் எளிய வழி ஒன்று உண்டு. ஆமைத் தொட்டிக்கு அருகே இன்னொரு தொட்டி வைத்து, அதில் ஆமைக்கு இரையாகத்தக்க நீர்நத்தைகளை வளர்ப்பதே அவ்வழி.

வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் நீராமை, கண்ணுக்குப் பின்னே சிவந்த பட்டை ஒன்றை உடைய செங்காது ஆமை. வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கே இதன் தாயகம். கடையில் வாங்கும்போது ஓர் அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட குஞ்சாக இருக்கும் இவ்வாமை, நன்கு வளர்க்கப்பட்டால் எட்டு அங்குலத்தையும் கடந்து வளரும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இலங்கையின் குளங்களுக்கு உரிய பாலாமையும் காராமையும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்பட்டவை. அவற்றைப் பிடித்து வந்து வீட்டில் அடைத்தல் ஆகாது. எனவே இங்கே கூறப்படுவன யாவும் தொட்டியில் வளர்க்கப்படும் அயல்நாட்டு ஆமைகளுக்கே பொருந்தும்.

ஆமையின் ஓடு வெறும் போர்வை அன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதனோடு ஒன்றாக இணைந்துள்ளன. எலும்பு உறுதி பெறக் கல்சியம் வேண்டும். உண்ணும் உணவிலே பொசுபரசைக் காட்டிலும் கல்சியம் மிகுந்திருத்தல் வேண்டும். ஏறத்தாழ இரு மடங்காக இருப்பது நன்று. ஆனால் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இடுவது எலும்பு நீக்கிய இறைச்சித் துண்டும் மீன் துண்டும் ஆகும். வெறும் தசையிலே பொசுபரசு, கல்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்டு உள்ளது. இத்தகைய உணவையே தொடர்ந்து உண்ணும் ஆமையின் உடல், குருதிக்கு வேண்டிய கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. இவ்வாறு வரவின்றிச் செலவு செய்யும் குடும்பத்தின் சேமிப்புக் கரைவது போல, ஓடும் சிறிது சிறிதாகக் கரைகின்றது.

இயற்கையில் வாழும் நீராமைக்கு இக்குறை நேர்வதில்லை. அது இரையை முழுதாகவே உண்கின்றது. அவ்விரைகளுள் நத்தைக்குச் சிறப்பான இடம் உண்டு. நத்தையின் ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றினால் ஆனது. அப்பொருளின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு கல்சியமே. வட அமெரிக்காவின் வரைபட ஆமைகளிற் சில இனங்களின் பெண் ஆமைகள், நத்தைகளையும் சிப்பிகளையும் நொறுக்குவதற்கென்றே அகன்ற தலையும் வலிய தாடையும் பெற்றுள்ளன. தாய்லாந்திலும் அதன் அயல்நாடுகளிலும் வயல்நீரில் வாழும் ஓர் ஆமைக்கு நத்தைதின்னி ஆமை என்பதே பெயராக அமைந்துவிட்டது. ஆமைக்குப் பல் இல்லை. அலகு போன்ற தாடையினால் நத்தையை நசுக்கி, தசையையும் ஓட்டின் துணுக்குகளையும் ஒருங்கே விழுங்குகின்றது. ஓர் உயிரின் ஓடு இன்னோர் உயிரின் ஓடாக மாறும் விந்தை இது.

அங்ஙனமாயின் வயலிலும் வாய்க்காலிலும் கிடக்கும் நத்தைகளைப் பொறுக்கி வந்து இட்டால் என்ன என்று கேட்கலாம். இட்டால் இரண்டு தீங்குகள் உண்டு. முதலாவது, வயலுக்குத் தெளிக்கும் பூச்சிநாசினிகளும் களைநாசினிகளும் அந்நத்தைகளோடு சேர்ந்து வந்துவிடும். இரண்டாவது, நத்தைகள் பலவகைத் தட்டைப்புழுக்களுக்கு இடைநிலை விருந்து வழங்குவன. தென்னாசிய வயல்களிற் பரவலாக வாழும் தட்டைச்சுருள் நத்தை ஒன்று, மாடுகளின் குருதிக் குழாய்களில் வாழும் புழுவைத் தன் உடலிலே வளர்க்கின்றது. அந்நத்தையிலிருந்து வெளிவரும் நுண்புழுக்கள் நீரில் இறங்கும் மனிதரின் தோலையும் துளைத்துச் சொறியை உண்டாக்க வல்லவை. வேறு புழுக்கள் ஆமையின் உடலையும் இருப்பிடமாகக் கொள்ளும்.

இப்புழுக்களின் வாழ்க்கை வட்டத்தை அறிந்துகொண்டால் அதனை அறுக்கும் வழியும் தெளிவாகும். புழுவின் முட்டை, விலங்கின் கழிவோடு நீரை அடைகின்றது. முட்டையிலிருந்து பிறக்கும் இளம்புழு நத்தையைத் தேடிப் புகுகின்றது. நத்தையின் உடலிற் பல்கிப் பெருகியபின் மீண்டும் வெளிவந்து விலங்கை அடைகின்றது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று: தாய் நத்தையின் புழு, அது இடும் முட்டைகளின் வழியாகக் குஞ்சுகளைச் சென்றடைவதில்லை. ஆகவே நத்தைகள் இட்ட முட்டைத் திரளை மட்டும் இலையோடு எடுத்துத் தூய நீருள்ள வேறொரு தொட்டியிற் பொரிக்கவிட்டால், அங்கே தோன்றும் தலைமுறை நோயற்றதாக இருக்கும். அத்தொட்டியில் ஆமைத் தொட்டியின் நீரையோ, குளத்து நீரையோ, குளத்துப் பாசியையோ ஒருபோதும் சேர்த்தலாகாது. சேர்த்தால் அறுந்த வட்டம் மறுபடி பொருந்திவிடும்.

வளர்ப்பதற்கு ஏற்றது, மீன்தொட்டிக் கடைகளிற் கிடைக்கும் ஆட்டுக்கொம்பு நத்தை. கொம்பு சுருண்டாற்போலத் தட்டையாகச் சுருண்ட ஓட்டை உடையது ஆதலின் இப்பெயர் பெற்றது. இதன் ஓடு மெல்லியது. சிறிய ஆமையும் எளிதில் நொறுக்கும். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், கூடி வாழும் எந்த நத்தையும் முட்டையிடும். தெளிந்த பசை போன்ற திரளிலே பத்து முதல் முப்பது வரையான முட்டைகளை இலைகளின் அடியிலும் கண்ணாடியிலும் ஒட்டி வைக்கும். வெப்பமான நாடுகளில் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் அவை பொரிக்கும். நீள்சுருள் கொண்ட எக்காள நத்தை குட்டியீனுவது, விரைவிற் பெருகுவது. ஆயினும் அதன் ஓடு மிகக் கடினமானது ஆதலால் இளம் ஆமைக்கு ஏற்றதன்று.

நத்தைத் தொட்டி பெரிதாக இருக்கவேண்டியதில்லை. பத்துக் கலன் கொள்ளும் கண்ணாடித் தொட்டியோ சிறிய சீமெந்துத் தொட்டியோ போதும். குழாய் நீராயின் குளோரீன் நீங்கும் பொருட்டு ஒரு நாள் திறந்து வைத்துப் பின் பயன்படுத்தல் வேண்டும். நீரின் தன்மையே இங்கு முதன்மையானது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த நிலம். அங்குள்ள கிணற்று நீரிலே சுண்ணாம்பு கரைந்திருக்கும். கேத்திலின் அடியில் வெண்படிவை உண்டாக்கி இல்லத்தரசியரைச் சலிப்படையச் செய்யும் அந்த நீர், நத்தைக்கோ நற்பேறு. மலைநாட்டின் ஓடைநீர் மென்னீர். அத்தகைய நீரில் வளரும் நத்தையின் ஓடு வெளுத்து, அரிக்கப்பட்டு, குழிவிழும். தன் ஓட்டுக்கே சுண்ணாம்பு போதாத நத்தை ஆமைக்கு எதனைக் கொடுக்கும்? மென்னீர் உள்ள இடங்களிலே, கழுவி நொறுக்கிய முட்டைக்கோதையோ கணவாய் ஓட்டுத் துண்டையோ தொட்டியில் இடுதல் வேண்டும்.

நத்தைக்கு உணவு தேடி அலைய வேண்டுவதில்லை. சமையலறையில் எஞ்சும் கீரையும் வெள்ளரித் துண்டும் போதும். கொதிநீரில் ஒருமுறை தோய்த்து இட்டால் இலை மென்மையாகி உண்ணத்தக்கதாகும். ஒரு நாளில் உண்டு முடியாததை மறுநாள் அகற்றிவிடல் வேண்டும். அழுகிய உணவு நீரைக் கெடுத்து நத்தைகளைக் கொல்லும். வாரந்தோறும் நீரின் நான்கில் ஒரு பங்கை மாற்றுதல் நன்று. செப்பு நத்தைக்குக் கொடிய நஞ்சு. மீன்நோய்க்கென விற்கப்படும் மருந்துகள் பலவற்றிற் செப்பு உண்டு ஆதலால் அவற்றை இத்தொட்டியின் அருகிலும் கொண்டுவரலாகாது. தொட்டியின் வாயை நுண்ணிய வலையால் மூடுதலும் இன்றியமையாதது. மூடாத நீர்த்தொட்டி, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும்.

குடியேற்றம் நிலைபெறும்வரை, அஃதாவது இரண்டு மூன்று மாதங்கள் செல்லும்வரை, நத்தைகளை எடுத்து ஆமைக்கு இடாதிருத்தல் அறிவுடைமை. விதைநெல்லை உண்ட உழவனுக்கு விளைச்சல் இல்லை. அதன்பின் பெரியனவற்றுட் சிலவற்றை முட்டையிடுவதற்கென விட்டுவிட்டு, நடுத்தர அளவுடையனவற்றை வாரத்தில் இரண்டு மூன்று முறை இடலாம். ஆமையின் வாய்க்குள் அடங்கும் அளவினவே தக்கவை. நத்தை மட்டுமே உணவாகிவிடவும் கூடாது. செங்காது ஆமை குஞ்சுப் பருவத்திற் புலாலை மிகுதியாக விரும்பும்; வளர வளர இலையுணவை நாடும். ஆகவே நீர்ப்பூண்டும் கீரையும் தீனியிற் சேர்தல் வேண்டும். இன்னும் ஒன்று: உண்ட கல்சியம் உடலிற் சேர்வதற்கு விற்றமின் டீ வேண்டும். ஞாயிற்றொளியின் புறவூதாக் கதிர் தோலிற் படும்போதே ஆமையின் உடல் அதனை ஆக்கிக்கொள்கின்றது. சாளரக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். நிழலும் அருகே இருக்கும்படி, ஏறி உலர்வதற்கு ஒரு கல்லும் வைத்து, நாள்தோறும் சிறிது நேரம் நேர்வெயில் படச் செய்தல் வேண்டும். இஃதில்லையேல் நத்தை இட்டும் பயன் குறைவே.

ஆமையையும் நத்தையையும் கையாண்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலைப் பிள்ளைகளுக்குப் பழக்கமாக்கவேண்டும். நலமுடன் தோன்றும் ஆமையும் சல்மொனெல்லா என்னும் கிருமியைக் கழிவிற் சுமந்திருக்கும். சிறுவர்கள் இதனால் நோயுற்றமையாலேயே, நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓட்டை உடைய ஆமைகளை விற்பது அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1975ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதும் தவறு.

எல்லாவற்றிலும் பெரிய பொறுப்பு ஒன்று இறுதியாக உள்ளது. வீட்டிற் பெருகிய நத்தையும் வீட்டிற்குப் பெரிதாகிவிட்ட ஆமையும் வீட்டைத் தாண்டி நீர்நிலைகளுக்குச் செல்லலாகாது. தென்னமெரிக்காவின் பொன்னிற அப்பிள் நத்தை, உணவுக்கென 1980ஆம் ஆண்டளவில் தாய்வானுக்குக் கொண்டுவரப்பட்டது. சந்தையில் விலைபோகாது கைவிடப்பட்டு வாய்க்கால்களில் இறங்கிய அந்நத்தை, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் இளம் நெற்பயிரைத் தின்று அழிக்கும் பகையாயிற்று. அதன் நெருங்கிய இனம் ஒன்று மீன்தொட்டி வாணிகத்தின் வழியாக இலங்கையின் நீர்நிலைகளிலும் குடிபுகுந்துள்ளது. செங்காது ஆமையும் அவ்வாறே விடப்பட்ட நாடுகளில் உள்ளூர் ஆமைகளின் உணவையும் வெயில்காயும் இடத்தையும் பறித்துக்கொள்கின்றது. இதன் இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் 1997ஆம் ஆண்டு நிறுத்தியது. உலகிற்குப் பெருங்கேடு விளைக்கும் நூறு அந்நிய உயிரினங்கள் என இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலிலே பொன்னிற அப்பிள் நத்தையும் இடம்பெற்றுள்ளது. செங்காது ஆமையின் இனமும் இடம்பெற்றுள்ளது.

ஆதலால் மிகுந்த நத்தைகளை உறைபெட்டியில் ஓர் இரவு வைத்துப் பின் மண்ணிற் புதைத்தலே முறை. முட்டைகள் கலந்த தொட்டி நீரை வாய்க்காலில் விடாது, வெயில் காயும் வறண்ட நிலத்தில் ஊற்றல் வேண்டும். வளர்க்க இயலாத ஆமையை, வளர்க்க வல்ல இன்னொருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஆமை புகுந்த வீட்டைக் குறித்து முன்னோர் பழமொழி கூறி அஞ்சினர். இக்காலத்தில் அஞ்சவேண்டியது அயல்நாட்டு ஆமை புகுந்த குளத்தைக் குறித்தே. ஓர் உயிரைத் தொட்டியில் வைத்துக் காப்பவர், தம் கண்ணெதிரே உள்ள அதன் ஓட்டுக்கு மட்டும் அல்லாமல், கண்ணுக்கு எட்டாத குளத்திலே வாழும் பாலாமைக்கும் பொறுப்பாளராகின்றார். அப்பொறுப்பை உணர்ந்து வளர்ப்பவரின் தொட்டியில் நத்தையும் ஓங்கும். அதனை உண்ணும் ஆமையின் ஓடும் உறுதிபெறும்.