கம்பி மேல் நழுவிய கை யாருடையது?

ஊரில் பொங்கல் சாட்டிவிட்டால் முதலில் வந்து இறங்குவது மைக்செட்தான். காரியாபட்டி சுற்றுவட்டாரத்தில் வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டி ரெக்கார்டு போட்ட காலத்தில், காட்டில் பருத்தி எடுப்பவர்களுக்கும் பாட்டு வந்து சேரும். பாடியது யார் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் பாட்டின் நடுவே ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகுமே ஒரு கிட்டார், அதை வாசித்தவர் யார்? ரெக்கார்டின் லேபிளில் படத்தின் பெயரும் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் இருக்கும். கிட்டார்காரர் பெயருக்கு அங்கே இடமில்லை.

அந்தப் பெயரைக் கேட்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒருவர் ஆயுள் முழுக்கப் பழகிய வித்தை அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. பெயர் எழுதப்படாமல் போனாலும், அவர் கை அந்தத் தட்டில் பதிந்தே இருக்கிறது. அதைப் படிக்க அறிவியலில் வழி உண்டு.

நழுவும் நாதத்தின் ஊர்

கம்பியை விரலால் அழுத்தாமல், வழவழப்பான ஒரு கட்டையை அதன் மேல் நகர்த்தி வாசிப்பது நமக்குப் புதிதல்ல. கோட்டுவாத்தியம் அப்படித்தான் பேசுகிறது. திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதில் பேர் பெற்றவர்கள். பசிபிக் கடலில் இருக்கும் ஹவாய்த் தீவுகளில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜோசப் கெக்குக்கு என்ற இளைஞர் கிட்டாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டை நகர்த்தி வாசித்தார். அந்த ஹவாய் கிட்டார் உலகமெல்லாம் சுற்றியது. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். லக்னோவில் பிறந்த வான் ஷிப்லி இந்தித் திரையிசையில் அதை ஒலிக்கவிட்டார்.

அமெரிக்காவின் நாட்டுப்புறப் பாட்டான கன்ட்ரி இசையில் அதே கிட்டார் நான்கு காலில் நின்றது, மின்சாரம் ஏறியது, கீழே மிதிகளும் வந்தன. காலால் மிதியை அழுத்தினால், ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பிகளில் ஒன்றிரண்டு மட்டும் இழுபட்டுச் சுருதி ஏறும்; மற்றவை அசையாமல் நிற்கும். இதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் இப்படி வாசித்ததைக் கேட்டு, நாஷ்வில் நகரத்துக் கலைஞர்கள் பலர் தங்கள் கிட்டாருக்கும் மிதி பூட்டினார்கள்.

தேடுகிறவருக்கு இது முதல் தடயம். தேதி தெரியாத ஒரு பழைய தட்டில், ஒரு கம்பி நிற்க இன்னொரு கம்பி ஏறுகிற அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டால், பதிவு அநேகமாக 1954க்குப் பிந்தையது. அதற்கு முன்பே மேடையை விட்டுப் போனவர்கள் பட்டியலிலிருந்து கழிந்துவிடுவார்கள்.

மத்தாப்பும் கிட்டாரும்

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு அடுத்த தடயத்தை விளக்குவது எளிது. வாணம் சிவப்பாக எரிந்தால் ஸ்ட்ரான்சியம், பச்சை என்றால் பேரியம், நீலம் என்றால் தாமிரம், மஞ்சள் என்றால் சோடியம். மருந்தைக் கையால் தொட வேண்டியதில்லை. எரியும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் உப்பு தெரிந்துவிடும்.

ஒலியையும் அப்படிப் பிரிக்கலாம். கம்பி ஒரே ஒரு வேகத்தில் அதிர்வதில்லை. நொடிக்கு 200 முறை அதிரும் கம்பி, கூடவே 400, 600, 800 என்று மடங்குகளிலும் அதிரும். எந்த மடங்கு எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்பதில்தான் வீணை வீணையாகவும் கிட்டார் கிட்டாராகவும் கேட்கிறது. கலந்து கிடக்கும் அதிர்வுகளைப் பிரித்தெடுக்கும் கணக்கை ஃபூரியர் என்ற பிரெஞ்சு அறிஞர் 200 ஆண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டார். இன்று அது கைபேசிக்குள்ளும் ஓடுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கம்பியின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி மீட்டினால் ஐந்தாம் மடங்கு ஒலி ஏறக்குறைய எழும்பாது. நான்கில் ஒரு பங்கில் மீட்டினால் நான்காம் மடங்கு அடங்கும். எந்த மடங்கு காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தால், வாசித்தவரின் வலக்கை கம்பியில் எந்த இடத்தில் விழுந்தது என்பதைக் கணக்கிடலாம். பழகிய கை பெரும்பாலும் பழகிய இடத்தில்தான் விழும்.

இடக்கையும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கம்பி மேல் இருக்கும் இரும்பை நொடிக்கு நான்கு முறை அசைக்கிறாரா, ஆறு முறையா? சுரத்தைக் கீழிருந்து தொடுகிறாரா, மேலிருந்து இறங்குகிறாரா? ஒலியை உள்ளங்கையால் அடக்குகிறாரா, விரலாலா? ஒலிப்பெருக்க மிதியைத் தாமதமாக அழுத்தி, மீட்டிய சத்தமே கேட்காமல் வயலின் போல எழுப்புகிறாரா? நாகஸ்வரம் கேட்டுப் பழகியவர் கமகம் விழும் விதத்தை வைத்தே வித்வானைச் சொல்வதும் இந்தக் கணக்குத்தான். அவர் காது அதை அளவுகோல் இல்லாமலே போடுகிறது.

தட்டு சுற்றும் வேகம்

அளவெடுக்கும் முன்பு ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். பழைய அரக்குத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டியவை. இயந்திரம் 80 சுற்று சுற்றினால், சுருதி ஓர் அரைச்சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி ஏறிவிடும். கையசைவின் வேகமும் கூடிப் போகும். வேறொருவரைப் பிடித்துக் கொடுத்துவிடுவோம்.

சில மின்பதிவுகளில் இதற்கும் சாட்சி ஒளிந்திருக்கிறது. பதிவு அறையின் மின்சார இரைச்சல் மெல்லியதாகத் தட்டில் பதிந்துவிடும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அமெரிக்காவில் 60. தட்டில் பதிந்த இரைச்சல் 51 என்று ஒலித்தால், தட்டு 2 விழுக்காடு வேகமாகச் சுற்றுகிறது என்று தெரியும்.

இயந்திரத்தின் எல்லை

நன்றாகத் தெரிந்த பதிவுகளைக் கொடுத்துக் கணினியைப் பழக்கினால், தெரியாத பதிவு யாருடைய வாசிப்புக்கு நெருக்கம் என்று அது சொல்லும். ஆனால் சீடன் குருவைப் போலத்தான் வாசிப்பான். நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் வாசிப்பில் அவர் குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பாணியைக் கேட்காதவர் உண்டா? எனவே 'இது அவர் இல்லை' என்று சொல்வது சுலபம். 'இது அவர்தான்' என்று சொல்லத் தாளும் சாட்சியும் வேண்டும்.

தாள் என்றால், தட்டின் லேபிளுக்கும் வரிகளுக்கும் இடையே வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண். அதை வைத்து எந்தக் காலத்துப் பதிவு என்று ஒப்பிடலாம். நாஷ்விலில் இசைக் கலைஞர் சங்கம் ஒவ்வொரு பதிவுக்கும் யார் வாசித்தார், என்ன சம்பளம் என்று எழுதிவைத்தது. அங்கே பல புதிர்கள் அவிழ அந்தச் சம்பளத் தாள்தான் உதவியது.

சாட்சி தட்டுக்குள்ளேயே இருப்பதும் உண்டு. 1902இல் கல்கத்தாவில் பதிவு செய்த பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். ஜெர்மனியின் ஹனோவரில் தட்டு அச்சிடுபவர்கள் யார் பாட்டு என்று தெரிந்துகொள்வதற்காக அந்த ஏற்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் நாகஸ்வரம் ஏந்தி நிற்பவர் ஜெமினி கணேசன். ஒலிப்பது கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சியாரின் மூச்சு. 1968இன் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜியின் நாகஸ்வரத்துக்குள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் இருக்கிறார்கள். இந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்க எந்தக் கணினியும் தேவைப்படவில்லை. சொல்லிக்கொண்டே வந்தார்கள், நமக்கும் தெரிந்தது.

காரியாபட்டிப் பக்கம் ஏதாவது ஒரு மைக்செட்காரர் வீட்டுப் பரணில் இன்னும் ரெக்கார்டுப் பெட்டி இருக்கலாம். இறக்கித் தூசி தட்டுங்கள். லேபிளையும் வளையத்து எண்ணையும் படமெடுத்து வையுங்கள். அந்தக் காலத்தில் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தால், பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் கிட்டார் நழுவும் இடம் வரும்போது அவர் ஒரு பெயர் சொன்னால், அதை அப்போதே ரெக்கார்டின் உறை மேல் எழுதிவிடுங்கள்.