காடு காப்பவருக்கும் கூலி உண்டு

மரங்களை வெட்டாதீர் என்கிறது ஒரு சுவர். நீரை வீணாக்காதீர் என்கிறது மற்றொரு சுவர். படிப்பவர் தலையசைத்துவிட்டுப் போகிறார். ஆயினும் மரம் விழுகிறது, நீரும் வீணாகிறது. மக்கள் தீயவர்கள் என்பது இதற்குக் காரணமன்று. மரத்தை வெட்டுபவருக்கு வரும் இலாபம் அன்றைக்கே அவர் கையில் சேர்ந்துவிடுகிறது. அதனால் விளையும் நட்டமோ ஊர் முழுவதற்கும் பங்கிடப்பட்டு, பல ஆண்டுகள் கழித்தே தெரிய வருகிறது. இந்தக் கணக்கைத் திருத்தாமல் அறிவுரை மட்டும் கூறிப் பயனில்லை என்று கண்ட சில நாடுகள், வரியையும் ஊக்கத்தொகையையும் கொண்டு இயற்கையைக் காக்க முற்பட்டன. அவற்றின் அனுபவம் நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

பைக்கு ஒரு விலை

அயர்லாந்து நாட்டில், கடைகளில் இலவசமாக வழங்கப்பட்டு வந்த பிளாஸ்டிக் பை ஒவ்வொன்றுக்கும் 2002 மார்ச் மாதம் 15 சென்ட் வரி விதிக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 328 பைகளைப் பயன்படுத்தி வந்ததாக மதிப்பிடப்பட்டிருந்தது. வரிக்குப் பின் அந்த எண்ணிக்கை 21 ஆகச் சுருங்கியது. 15 சென்ட் கொடுப்பதால் எவரும் ஏழையாகிவிட மாட்டார். ஆனால் கடைக்காரர் அந்த வரியைத் தாமே ஏற்றுக்கொள்ளக் கூடாது, வாங்குபவரிடமே வசூலிக்க வேண்டும் என்பது விதி. 'இந்தப் பை எனக்குத் தேவைதானா?' என்று ஒவ்வொருவரும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க அதுவே போதுமானதாக இருந்தது. நாளடைவில் மக்கள் அந்தச் செலவுக்குப் பழகிவிட, பைகளின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது. எனவே 2007-இல் வரி 22 சென்டாக உயர்த்தப்பட்டது. வசூலான பணம் அரசின் பொதுச் செலவில் கரைந்துவிடாமல், சுற்றுச்சூழலுக்கென்று அமைந்த தனி நிதியில் சேர்க்கப்பட்டது.

அழித்தவருக்குப் பரிசு

வரி விதிப்பது ஒரு வழி. பணம் கொடுப்பது மற்றொரு வழி. மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிகா என்னும் சிறிய நாடு இந்த இரண்டாம் வழியில் முன்னோடியாயிற்று. 1940-களில் அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடாக இருந்தது. 1980-களில் அது கால் பங்கு அளவிற்குக் குறைந்தது. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கியவரை, நிலத்தைப் 'பண்படுத்தியவர்' எனக் கருதி உரிமை வழங்கும் வழக்கம் அங்கே இருந்தது. மாடு வளர்க்கக் குறைந்த வட்டியில் கடனும் கிடைத்தது. இறைச்சி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயிற்று. சுருங்கச் சொன்னால், காட்டை அழிப்பதற்கு அரசே கூலி கொடுத்துக் கொண்டிருந்தது.

1996-இல் இயற்றப்பட்ட வனச் சட்டம் இந்நிலையை மாற்றியது. காட்டை வேறு வகை நிலமாக மாற்றுவதை அது தடை செய்தது. தடையோடு நில்லாமல், தம் நிலத்தில் காட்டைக் காப்பவருக்கு ஒப்பந்தப்படி பணம் தரவும் வகை செய்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்ப்பது, நீர்வளம் காப்பது, பல்லுயிர் பேணுவது, இயற்கை எழிலை நிலைநிறுத்துவது ஆகிய நான்கும் காடு ஆற்றும் தொண்டுகள் என்று அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. வாகன எரிபொருள் வரியின் ஒரு பகுதி இதற்கென ஒதுக்கப்பட்டது. புகை கக்கும் வண்டியில் செல்பவர், புகையை உறிஞ்சும் மரத்தைக் காப்பவருக்குப் பணம் தருகிறார்! இன்று அந்நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் காடு இருக்கிறது.

இந்த வெற்றி முழுவதும் அந்தப் பணத்தால் மட்டுமே வந்ததன்று. இறைச்சியின் விலை சரிந்ததும், சுற்றுலாத் தொழில் வளர்ந்ததும் துணை நின்றன. குறையும் இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் நிலத்துக்குப் பத்திரம் இல்லாத எளியவர்கள் விடுபட்டனர். பெரு நிலக்காரர்களே மிகுதியாகப் பயன்பெற்றனர்.

சுமை யார் தலையில்?

இங்குதான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி எழுகிறது. சுவீடன் 1991-இல் கரியமில வாயுவுக்கு வரி விதித்தபோது, அதே வரிச் சீர்திருத்தத்தில் வருமான வரியைக் குறைத்தது. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கொடுத்ததால் மக்கள் அதை ஏற்றுக்கொண்டனர். பிரான்சில் நடந்ததோ வேறு. 2018-இன் தொடக்கத்தில் பெருஞ்செல்வர்கள் மீதான சொத்து வரி சுருக்கப்பட்டது. மறு ஆண்டு எரிபொருள் வரியை மேலும் உயர்த்தவும் அரசு திட்டமிட்டது. வேலைக்குச் செல்ல வண்டியையே நம்பியிருந்த சிற்றூர் மக்கள், அந்த ஆண்டு நவம்பரில் மஞ்சள் சட்டை அணிந்து தெருவில் இறங்கினர். டிசம்பரில் அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. நோக்கம் நல்லதாயினும், சுமையை எளியவர் தலையில் மட்டும் ஏற்றினால் அது நிலைக்காது என்பதற்கு இது சான்று.

நம் நாட்டிலும் இந்த முயற்சி இல்லாமல் இல்லை. பஞ்சாபில் உழவர்களுக்குப் பாசன மின்சாரம் இலவசம். அதனால் நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே செல்கிறது. இலவசத்தைப் பறித்தால் உழவர் வாழ்வு என்னாவது? 2018-இல் அங்கு தொடங்கிய திட்டம் வேறொரு வழியைக் காட்டியது. விரும்பிச் சேரும் உழவர், தமக்குரிய அளவில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் 4 ரூபாய் பெறலாம் என்றது அத்திட்டம். நீரை இறைப்பதற்கு மட்டுமே இருந்த சலுகை, இறைக்காமல் விடுவதற்கும் கிடைத்தது.

தமிழகத்திலும் உழவருக்குப் பாசன மின்சாரம் இலவசமே. ஆண்டுக்காண்டு கிணறுகளை ஆழப்படுத்தும் ஊர்களும் இங்கே உண்டு. அந்த உழவரைக் குறை கூறுவதில் பொருளில்லை. நீரைச் சேமிப்பவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்றே முதலில் கேட்க வேண்டும். நிலத்தடி நீர் ஊர் முழுமைக்கும் பொதுச் சொத்து. அதைக் காக்கும் செலவை மட்டும் ஓர் ஏழை உழவர் தனியாகச் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியாகாது.