விளைபொருள் ஒப்பந்தங்கள்

அறுவடைக்கு முன்பே வியாபாரியிடம் அச்சாரம் பெற்று, மணிலாக்கொட்டையை இன்ன விலைக்குத் தருவதாக ஒப்புக்கொள்ளும் வழக்கம் குடியானவர்களிடையே உண்டு. இத்தகைய பேச்சுக்கள் 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்திற்கு உட்பட்டவையாகும்.

ஒருவர் கேட்டதை மற்றவர் மாறுதலின்றி ஏற்பதால் உடன்பாடு உண்டாகிறது. அது சட்டப்படி செல்லுவதற்கு நான்கு அம்சங்கள் முக்கியமானவை. அவையாவன:

1. இருதிறத்தாரும் 18 வயது நிரம்பிய, தெளிந்த புத்தியுடையவர்களாயிருத்தல். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாதென்று 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.
2. சுயேச்சையான சம்மதம். பயமுறுத்தியோ மோசம் செய்தோ பெற்ற சம்மதத்தைப் பாதிக்கப்பட்டவர் தள்ளிவிடலாம்.
3. பிரதிபலன்.
4. சட்டவிரோதமில்லாத நோக்கம்.

வாய்ப்பேச்சும் செல்லும், ஆனால் அதை ருசுப்படுத்துவது கடினம். பின்னால் விலை ஏறியதென்று சரக்கைத் தர மறுப்பவர், அதனால் இயல்பாக விளையும் நஷ்டத்தை ஈடுசெய்ய நேரிடும்.

மழை பொய்த்தால் என் செய்வது? இன்ன நிலத்தின் விளைச்சலென்று எழுதியிருந்து, அவர் குற்றமின்றி அப்பயிர் அழிந்தால், குடியானவர் பொறுப்பு நீங்க இடமுண்டு. வெறுமனே “நூறு மூட்டை” என்று எழுதியிருந்தால், அதை வெளியில் வாங்கியாவது தர வேண்டியிருக்கும்.

ஆகையால் எடை, தரம், விலை, கெடு இவற்றுடன் நிலத்தின் சர்வே நம்பரையும் பத்திரத்தில் குறிப்பது அவசியம். சாட்சியாகக் கையொப்பமிடும் கிராம அதிகாரிகள் அதை முதலில் படித்துக்காட்டச் செய்வது நலம். எழுதாத காகிதத்தில் ஒருவரும் கைநாட்டு வைக்கலாகாது.