பூச்செடிக்கு ஒரு குட்டி மரவேலி!

என்ன குட்டீஸ்... ஆசை ஆசையாய் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த டிசம்பர் பூச்செடி மொட்டு விடும் நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ஆடு வந்து மென்று விட்டதா? கவலை வேண்டாம்... நானும் உங்கள் கட்சிதான்!

ஆறாம் வகுப்பு படித்தபோது, அம்மாவின் ரோஜாச் செடிகளுக்கு நானே ஒரு வேலி போட்டேன். கம்புகளை அரையடி ஆழத்தில் ஊன்றி, சணல் கயிறு கட்டி, பெரிய இன்ஜினியர் போல் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தேன். ஐப்பசி அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை, வேலி முழுவதும் செடிகளின் மேலேயே சாய்ந்து கிடந்தது. ஆடு தின்றது பாதி. என் வேலி நசுக்கியது மீதி. அம்மா திட்டவே இல்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பிறகு, எங்கள் தெருக்கோடி தச்சுப் பட்டறைத் தாத்தா சிரித்துக் கொண்டே சொல்லித் தந்த வேலி தான் இது. லீவு நாளில் அப்பாவையோ, மாமாவையோ கூட வைத்துக் கொண்டு நீங்களும் செய்யலாம். ரம்பம் பிடிப்பதும், துளை போடுவதும் பெரியவர்கள் வேலை. மற்றதெல்லாம் உங்கள் ராஜ்யம்!

ஆறடி நீளப் பாத்திக்கு என்னென்ன வேண்டும்? மூன்றடி உயரச் சவுக்குக் கம்பு மூன்று. மூன்று அங்குலப் பருமன் இருக்கட்டும். ஆறடி ரீப்பர் கட்டை இரண்டு. இரண்டு அங்குல அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள பலகைத் துண்டுகள் 17. புதுப் பலகை வாங்காதீர்கள்; பழைய பாக்கிங் பெட்டிப் பலகையே போதும். அதில் இருக்கும் துருப்பிடித்த ஆணிகளை முதலில் பிடுங்கி, ஒரு டப்பாவில் போட்டு விடுங்கள். காலில் குத்தினால் டி.டி., ஊசிதான்! ஆணி வாங்கும்போது, துருப்பிடிக்காத ஜி.ஐ., ஆணியாகக் கேளுங்கள்.

பலகைத் துண்டுகளின் தலையைக் கோபுரம் போல் கூராக வெட்டச் சொல்லுங்கள். அழகுக்குத்தானே என்கிறீர்களா? அழகுக்கும் தான், ஆனால், வேறு காரணமும் உண்டு. மரம் ஒரு காலத்தில் வேரிலிருந்து நீரை மேலே உறிஞ்சிய குழாய்க் கட்டு. வெட்டிய முனையில் அந்தக் குழாய்களின் வாய் திறந்தே இருக்கும். தட்டையாக வெட்டினால் மழைநீர் அங்கே தங்கி, உள்ளே இறங்கி விடும். கூராக இருந்தால் வழிந்து ஓடிவிடும். அப்படியும் இரண்டு முனைகளுக்கும் பெயின்ட் இரண்டு கோட் அடிப்பது நல்லது.

இப்போது உப்புத்தாளால் எல்லாப் பலகைகளையும் தேயுங்கள். சிலாம்பு கையில் ஏறாமல் இருக்கப் பழந்துணியைச் சுற்றிக் கொள்ளுங்கள். பிறகு பிரைமர், அது காய்ந்ததும் பெயின்ட்.

வேலிக்கு வெள்ளையடிப்பது என்றதும், டாம் சாயர் ஞாபகம் வருகிறானா? 1876ல் வெளிவந்த மார்க் ட்வைனின் கதையில், சித்தி கொடுத்த தண்டனையாக வேலிக்கு வெள்ளையடிக்க வருவான் அவன். ஏதோ கிடைப்பதற்கரிய வேலை போல் பாவனை காட்டுவான். நண்பர்களெல்லாம், 'எனக்குக் கொடு... எனக்குக் கொடு' என, கையில் இருந்த பட்டத்தையும், கோலியையும் கொடுத்து வேலையை வாங்கிக் கொள்வர். மார்க் ட்வைன் சிறு வயதில் வாழ்ந்த ஹானிபல் என்ற அமெரிக்க ஊரில், ஜூலை மாதத்தில் சிறுவர்களுக்கு வேலிக்கு வெள்ளையடிக்கும் போட்டியே நடக்கிறது! நீங்களும் உங்கள் தம்பியிடம் முயன்று பாருங்கள். மாட்டிக்கொண்டால் என்னைக் கேட்காதீர்கள்.

சரி, பெயின்ட் காய்ந்து விட்டதா? ஒவ்வொரு பலகையின் பின்பக்கமும் மேலிருந்து நான்கு அங்குலம், கீழிருந்து நான்கு அங்குலம் அளந்து பென்சில் கோடு போடுங்கள். ரீப்பர் இரண்டையும் தரையில் படுக்க வைத்து, அந்தக் கோடுகளில் பொருந்துமாறு பலகையை அடுக்க வேண்டும். இரு ஓரத்திலும் மூன்று அங்குலம் விட்டு விடுங்கள். பலகைக்கும் பலகைக்கும் இரண்டு அங்குல இடைவெளி. இதற்கு ஸ்கேல் எதற்கு? இன்னொரு பலகையை நடுவில் செருகி, அடித்ததும் எடுத்து விட்டால் போயிற்று! கணக்கும் சரியாக வரும். 17 பலகைக்கு 34 அங்குலம், 16 இடைவெளிக்கு 32, ஓரங்களுக்கு 6. மொத்தம் 72 அங்குலம். ஆறடி!

முதல் பலகையையும், கடைசிப் பலகையையும் மட்டும் ஒற்றை ஆணியில் அடித்து விட்டு, ஒரு நூலால் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் வேலி நேராக இருக்கிறது. இல்லாவிட்டால் லேசாகத் தள்ளிச் சரி செய்து, மற்றவற்றை அடியுங்கள். ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கி விட்டு அடித்தால் பலகை பிளக்காது. கூர்முனை மரத்தைப் பிளந்து கொண்டு போகும். மழுங்கிய முனை, நாரை நசுக்கிக் கொண்டு போகும். அந்தத் தாத்தாவின் ரகசியம் இது. நடுவில் வரும் ஒன்பதாவது பலகையை மட்டும் அடிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்து, நான் கோட்டை விட்ட இடம். மூன்றடிக் கம்பு என்றால் ஓரடி மண்ணுக்குள் போக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு! குழியின் அடியில் ஒரு கைப்பிடி ஜல்லி போட்டால் தண்ணீர் தேங்காது. கம்பு உளுத்துப் போவது பெரும்பாலும் மண் மட்டத்தில் தான். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் அங்கே தான் தாராளமாகக் கிடைக்கும். கரையானும் மண்ணிலிருந்து தானே வருகிறது! அதனால், அடியிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்திற்குப் பெரியவர்கள் தார் பூசித் தரட்டும். சூடான தார் பக்கம் நீங்கள் போகவே கூடாது.

கம்பை நிறுத்தி, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கடப்பாரையின் பின்பக்கத்தால் இடித்து இறுக்குங்கள். மொத்தமாகப் போட்டு மேலே மிதித்தால், அடியில் பொலபொலவென்று தான் இருக்கும்.

இனி, ரீப்பரைக் கம்பங்களில் அடிக்க வேண்டியதுதான். ஒருவர் பின்னால் கம்பத்தை அழுத்திப் பிடிக்கட்டும். பலகைகள் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயரத்தில் நிற்க வேண்டும். மண்ணைத் தொட்டால் கரையானுக்கு ஏணி வைத்த மாதிரி! நடுக் கம்பத்திலும் ரீப்பரை அடித்த பிறகு, எடுத்து வைத்த ஒன்பதாவது பலகையை அதன் இடத்தில் பொருத்துங்கள்.

எங்கேயாவது ஆணி முனை நீட்டிக் கொண்டிருந்தால் மடக்கி அடித்து விடுங்கள். ஆடு நம் எதிரிதான். அதற்காக அதன் கழுத்தில் ரத்தம் வரலாமா?

மரமே கிடைக்காத இடத்திலும் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. காங்கேயம் பக்கம் கிளுவைக் குச்சியை வரிசையாக நட்டு, உயிர்வேலி ஆக்கி விடுகின்றனர். ராமநாதபுரம் பக்கமும், யாழ்ப்பாணத்திலும் பனை மட்டையே வேலி!

உங்கள் வேலியோரம் நான்கு சங்குப்பூ விதைகளைப் போட்டு வையுங்கள். கொடி ஏறி, நீலப்பூ பூக்கும்போது, ஒரு ஓணான் வந்து கூர் முனையில் உட்கார்ந்து தலையை ஆட்டும். கல்லைத் தேடாதீர்கள். உங்கள் செடியைக் கடிக்கும் பூச்சிகளைத் தின்னத் தான் வந்திருக்கிறார் அவர்!