பொதுப் பொருளைப் பேணுதல்

பழவேற்காட்டு ஏரியைக் கண்டார் யாவரும் முதற்கண் அதன் பரப்பினை வியப்பர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள், ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது அதுவே. ஆயினும் அவ்வேரிக்கு உயிராய் விளங்குவது, கடலோடு அதனை இணைக்கும் முகத்துவாரமாகும். அலைகள் கொணரும் மணல் அவ்வாயிலை அடிக்கடி தூர்த்துவிடும். தூர்ந்தபொழுது கடல்நீர் உட்புகாது. இறாலும் மீனும் ஏறிவாரா. கரையோரக் குப்பங்களில் வறுமை தலைகாட்டும். அதுபற்றி மீனவர் தாமே ஒன்றுகூடி மணலை அகழ்ந்து நீருக்கு வழிவிட்டதுண்டு. ஏரி இயற்கையின் கொடை. அதன் வாயில் அடைபடாது காப்பது மாந்தர் முயற்சி.

கணிப்பொறி உலகிலும் இதனையொத்த பணியொன்று உளது. பிறர் இயற்றிய மென்பொருள்களைப் பொதுவுடைமையான ஓர் இயங்குதளத்திற்கு ஏற்பப் பொதிகளாக அமைத்து, அவற்றை இடையறாது புதுப்பித்துவரும் பணியே அது. அதனையே யாம் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இச்செய்தி பழவேற்காட்டுக் குப்பங்களுக்குச் சேய்மையான தொன்றன்று. அவ்வூர் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, காக்களூரில், 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசினரின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. அரசினர் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணாக்கர்க்கு அந்நாட்களில் வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் உடன் இருந்தது. பாஸ் 2007-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது; சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் அதனை ஆக்கினர். அதற்கு அடிப்படையாயது, 1993-இல் அயன் மர்டாக் என்பவர் தொடங்கிய டெபியன் என்னும் இயங்குதளம். உலகின் பல நாட்டுத் தொண்டர்கள் அதனைக் கூடி நடத்தி வருகின்றனர்.

இயங்குதளம் என்பது ஒரு கருவியன்று. பல்லாயிரம் கருவிகளின் தொகுதி. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றை இயற்றியவர் டெபியன் தொண்டர் அல்லர். எங்கோ ஒருவர் ஒரு மென்பொருளை எழுதி, அதன் மூலநிரலை யாவரும் காண வெளியிடுகின்றார். அதனை எடுத்துப் பேணும் பொறுப்பை வேறொருவர் ஏற்கின்றார். இவரைப் பொதி பேணுநர் என்போம்.

பேணுநர் செய்வது யாது? முதலாவது, அம்மென்பொருளைப் பலர்க்கும் வழங்க அதன் உரிமம் இடந்தருகின்றதா என ஆராய்வார். அடுத்து, அது வேறு எவ்வெப் பொதிகளைச் சார்ந்து இயங்குகின்றது எனக் குறிப்பார். மிதவையும் ஈயமுமின்றி வலை நில்லாதவாறு போல, ஒரு பொதி தனக்குத் துணையான பொதிகளின்றி இயங்காது. பின்னர்ப் பல்வகைக் கணினிகளுக்கும் ஏற்ப அதனை அமைப்பார். பயன்படுத்துவோர் கூறும் குறைகளை ஆராய்ந்து, மூல ஆசிரியர்க்கு உரியவற்றை அவர்க்கு அறிவிப்பார். ஆசிரியர் புதிய பதிப்பு வெளியிடுந்தோறும் இவ்வளவும் மீண்டும் செய்தல் வேண்டும்.

புதியது வந்தவுடன் யாவர்க்கும் அளித்துவிடலாகாதோ எனச் சிலர் வினவலாம். ஆகாது. புதிய பொதி முதலில் ‘நிலையாதது’ என்னும் பகுதியிற் சேரும், பெருங்குறை காணாவிடின் சில நாளில் ‘சோதனை’ப் பகுதிக்குச் செல்லும், அப்பகுதி முழுவதும் செப்பமுற்ற பின்னரே ‘நிலைபெற்றது’ என வெளிப்படும். அங்ஙனம் வெளிவந்தபின், பாதுகாப்புக் குறை தோன்றினால், பெரும்பாலும் பழைய பதிப்பிலேயே அக்குறையை மட்டும் திருத்துவர். ஒன்றை முழுதும் மாற்றினால் அதனைச் சார்ந்த பல கெடக்கூடும் என்பதே காரணம்.

பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. வலையிடுதற்குரிய நீரிடங்களை, உரிமையுடைய ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். தன் முறை வாராதவன் அங்கு வலையிடான். ஒவ்வொரு பொதிக்கும் பெயர் குறித்த பேணுநர் இருப்பதும், பிறர் அதில் எளிதாய்க் கைவையாமையும் இதனை ஒக்கும். எனினும் ஒரு வேற்றுமை உண்டு. பாட்டில் முறை கிட்டுதல் ஊதியம். ஆகவே அதனைப் பலர் விரும்புவர். பொதியில் முறை கிட்டுதல் சுமை. பெரும்பாலும் கைம்மாறு இல்லை. இவ்விடர் இங்குதான் தொடங்குகின்றது.

இரு நிகழ்ச்சிகள் இதனை நன்கு விளக்கும். 2006-இல் டெபியன் பேணுநர் ஒருவர், செய்திகளை மறைத்தனுப்ப உதவும் ஓப்பன்-எஸ்எஸ்எல் என்னும் பொதியில், சோதனைக் கருவியொன்று குறைகூறிய சில வரிகளை நல்லெண்ணத்துடன் நீக்கினார். அவ்வரிகளின் பயன் அவர்க்கு முற்றும் புலனாகவில்லை. அதனால் எண்ணிறந்தனவாய் அமைய வேண்டிய மறைதிறவுகோல்கள் வகையொன்றுக்கு 32,768 என்னும் அளவிற் சுருங்கின. 2008 மே 13-ஆம் நாள்தான் இப்பிழை உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

மற்றொன்று 2024-இல் நிகழ்ந்தது. கோப்புக்களைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருளை, ஒருவரே பல்லாண்டு பேணிச் சோர்ந்திருந்தார். ஜியா தான் என்னும் பெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் துணைபுரிந்து, நம்பிக்கை பெற்று, அதிகாரமும் எய்தி, அதனுள் கள்ளவழி ஒன்றை அமைத்துவிட்டார். தம் கணினியில் நுழைதற்கு அரை விநாடி மிகுதியாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் பிராய்ண்டு என்னும் பொறியறிஞர், காரணந் தேடிச் சென்று அதனைக் கண்டு, மார்ச் 29-இல் வெளியிட்டார். டெபியனின் ‘நிலைபெற்ற’ பகுதியை அத்தீங்கு அதுகாறும் அணுகவில்லை. காலந்தாழ்த்திச் சோதிக்கும் முறையே அதனைத் தடுத்தது.

முன்னதில் அறியாமை பிழைசெய்தது. பின்னதில் தனித்துச் சோர்ந்த ஒருவர்க்குத் துணையின்மை வஞ்சகர்க்கு இடந்தந்தது. பேணுநர் விலகிவிட்ட பொதியை டெபியனார் ‘அநாதை’ என்றே குறிப்பர். மற்றொருவர் தத்தெடுக்குமாறு பட்டியலிட்டு அறிவிப்பர். எவரும் முன்வாராவிடின் அது நாளடைவில் நீக்கவும் படும்.

பதிப்புக்கும் ஆயுள் உண்டு. டெபியனின் ஒரு பதிப்பு, தொண்டர்தம் நீட்டித்த காவலையும் சேர்த்து, ஏறத்தாழ ஐந்தாண்டே பேணப்படும். ஆதலின், அன்று பெற்ற மடிக்கணினியை அந்நாளைய நிலையிலேயே வைத்திருப்பின், அது முகத்துவாரம் தூர்ந்த ஏரியே ஆகும். வெளியே திருத்தங்கள் எத்துணை வரினும் உட்புகா.

நம் மாணாக்கர் இதிற் செய்யத்தக்கது யாதெனின், பெரியதொன்றுமன்று. தம் கணினியைக் காலந்தவறாது புதுப்பிக்கலாம், கண்ட குறையைத் தெளிவாய் எழுதி அறிவிக்கலாம், தமிழில் பெயர்த்துதவலாம், திறம் கைவந்தபின் அநாதைப் பொதி ஒன்றைத் தத்தெடுக்கலாம். விலையின்றிப் பெற்றோம் என மகிழ்வார் பலர். பெற்றதற்கு ஒரு நாளேனும் மணல் அகழ்ந்தோம் என்னும் மகிழ்ச்சியும் நம்மவர்க்கு வாய்த்தல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.